பழைய கடல் ரீல்: மூடியைக் கழற்றிப் பார்த்த பிறகு விலை பேசுங்கள்

மதுரையிலிருந்து ராமேஸ்வரம் ஏறக்குறைய 170 கிலோமீட்டர். ஞாயிறு மதியம் வரை பாம்பன், மண்டபம் பக்கம் தூண்டில் போட்டுவிட்டு இரவோடு இரவாக வீடு திரும்புகிறவர் திங்கள் காலை வேலைக்கு ஓட வேண்டும். தூண்டில் நரம்பைச் சுற்றிவைக்கும் ரீல் கார் டிக்கியிலேயே கிடக்கும். பிறகு ஒருநாள் எடுத்துத் துணியால் துடைத்தால் வெளியே பளபளப்பு வந்துவிடும். உள்ளே கியரிலும் பேரிங்கிலும் ஒட்டிய உப்பு அப்படியே இருக்கும். காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து இழுத்து அரித்துக்கொண்டே இருக்கும். சர்வீஸுக்கு வரும் பழைய ஓவர்ஹெட் (கம்பின் மேல்பக்கம் மாட்டும்) ரீல்களில் பெரும்பாலானவற்றின் கோளாறு இங்கிருந்துதான் தொடங்குகிறது. படத்தை மட்டும் பார்த்துப் பணம் அனுப்பாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

முதலில் டிராக்கைப் பாருங்கள். மீன் இழுக்கும்போது நரம்பு அறுந்துவிடாமல் அளவாக விட்டுக்கொடுப்பது அதன் வேலை. நரம்பு சுற்றியிருக்கும் உருளையான ஸ்பூலை விரலால் சுற்றிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ரீலைக் கம்பில் மாட்டி, நரம்பு நுனியை முள் வைத்த ஸ்பிரிங் தராசின் கொக்கியில் கட்டுங்கள். டிஜிட்டல் தராசு நொடிநேரத் தாவலைச் சரியாகக் காட்டாது. கம்பு வளைந்தால் கணக்கு மாறும். அதனால் கம்பின் நுனி தராசை நோக்கியே நேராக இருக்கட்டும். ஒருவர் பிடிக்க, மற்றவர் சீராக இழுக்க வேண்டும். 15 கிலோ தாங்கும் நரம்புக்கு 4 முதல் 5 கிலோ டிராக் சரியான அளவு. ஸ்பூல் நகரத் தொடங்கும் நொடியில் முள்ளைக் கவனியுங்கள். 7 வரை ஏறி, வெடுக்கென்று 4-க்கு இறங்கினால் டிராக்குக்குள் இருக்கும் வாஷர்கள் ஒட்டிக்கிடக்கின்றன என்று அர்த்தம். பாறை மீன் முதல் ஓட்டம் எடுக்கும்போது நரம்பு அறுவது அந்த நொடியில்தான்.

இந்தக் குறைக்காக ரீலையே வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. பழைய தோல், ஃபைபர் வாஷர்களை எடுத்துவிட்டு கார்பன் வாஷர் போடலாம். அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். ஆனால் இடையில் இருக்கும் உலோக வாஷர்களில் குழி விழுந்திருந்தால் கார்பன் போட்டும் பயனில்லை, அவற்றையும் மாற்றியாக வேண்டும். அளக்கும்போது ஸ்பூலில் நரம்பு எவ்வளவு இருந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்பூல் நிறைந்திருக்கும்போது 4 கிலோ காட்டும் டிராக், நரம்பு ஓடிச் சுற்றின் விட்டம் பாதியாகும்போது 8 கிலோ ஆகிவிடும்.

லீவரால் டிராக்கைக் கூட்டிக் குறைக்கும் லீவர் டிராக் ரீல் என்றால் லீவரை முழுக்கத் தளர்த்துங்கள். ஸ்பூல் தடையில்லாமல் சுற்ற வேண்டும். தடை தெரிந்தால், லீவரின் டிராக் அளவை முன்கூட்டியே அமைக்கும் குமிழை அதிகம் முறுக்கிவைத்திருக்கலாம். குமிழைத் தளர்த்தியும் தடை இருந்தால் பேரிங்கில் கோளாறு இருக்கலாம்.

தராசில் இழுப்பு இருக்கும்போதே கைப்பிடியை மெதுவாகச் சுற்றுங்கள். பாரமில்லாமல் வெண்ணெய் போலச் சுற்றும் ரீல், பாரம் ஏறியதும் கரகரக்கலாம். கைப்பிடியின் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் ‘டக்’ என்று தட்டினால் பெரிய கியரில் பல் அடிபட்டிருக்கிறது. கைப்பிடி பின்னோக்கி வழுக்கினால் அந்த ரீலை அப்படியே கடலுக்குக் கொண்டுபோகாதீர்கள். பெரிய மீன் இழுக்கும்போது கைப்பிடி திரும்பி அடித்து விரலை உடைத்துவிடும்.

அடுத்து, நரம்பு முழுவதையும் உருவச் சொல்லுங்கள். உப்பு அதிகம் தங்குவது நரம்புக்கு அடியில், அலுமினிய ஸ்பூலின் நடுத்தண்டில். வெள்ளைப் பொடி பூத்திருக்கும். துடைத்தால் போனால் சரி, நகத்தில் குழி தட்டுப்பட்டால் அரித்துவிட்டது. பழைய பிளாஸ்டிக் ஸ்பூலில் விளிம்புக்கு அருகே விரிசல் தேடுங்கள். இழுபட்டுச் சுற்றிய நைலான் நரம்பு சுருங்கி நெருக்கியே ஸ்பூலை உடைத்துவிடும்.

விற்பவர் சம்மதித்தால் பக்கத் தகட்டைக் கழற்றிப் பாருங்கள். வெண்கலக் கியரில் மெல்லிய பச்சைக் களிம்பு இருந்தால் துலக்கிவிடலாம். பல்லின் முகமே தின்னப்பட்டிருந்தால் கியர் போயிற்று. ஸ்க்ரூவின் தலை சிதைந்திருந்தால் யாரோ பொருந்தாத திருப்புளியால் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். அலுமினியமும் எவர்சில்வர் ஸ்க்ரூவும் உப்பு ஈரத்தில் சேர்ந்தால் ஒன்றோடொன்று இறுகிவிடும். வலிந்து திருகாமல், துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு வையுங்கள். அப்படியும் அசையாவிட்டால் சால்டரிங் அயர்ன் முனையால் ஸ்க்ரூவை மட்டும் சூடாக்குங்கள்.

பேரிங் மாற்றும்போது பலர் ஏமாறுகிறார்கள். உள்ளூர்க் கடையில் அளவு பொருந்துகிறதென்று சாதாரண எஃகுப் பேரிங் போட்டால் சில பயணங்களில் துருப்பிடித்துவிடும். காந்தம் வைத்துச் சோதிப்பதும் உதவாது, பேரிங்குக்குப் பயன்படும் துருப்பிடிக்காத எஃகில் பெரும்பாலானதைக் காந்தம் இழுக்கும். உறையில் ‘ஸ்டெயின்லெஸ்’ என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

விற்கிறவர்களுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. விளம்பரத்தில் ‘பெரிய பென் ரீல்’ என்று போட்டால் யாருக்கும் புரியாது. பென் (Penn) நிறுவனத்தின் செனட்டர் வகை ரீல்களில் 113 என்ற எண் 4/0 அளவு, 114 என்பது 6/0, 115 என்பது 9/0. தகட்டில் இருக்கும் எண்ணைப் படமெடுத்துப் போடுங்கள். கியர், நடுத்தண்டு, கம்பில் அமரும் ரீல் பாதம், கூடவே குறைகள், எல்லாவற்றுக்கும் கிட்டத்துப் படம் வேண்டும். குறையை முதலிலேயே சொன்னவரிடம் வாங்குகிறவர் அவ்வளவாகப் பேரம் பேசுவதில்லை.

கழுவும்போது நம் ஊர் போர் தண்ணீரைத் தவிருங்கள். காய்ந்ததும் வெள்ளைப் படிவு தங்கி உப்பு அரிப்பைப் போலவே தெரியும். டிராக்கை இறுக்கி, குடிநீரை மெல்லத் தெளித்துத் துடையுங்கள். குழாயைப் பீய்ச்சினால் மேலே இருக்கும் உப்பு பேரிங்குக்குள் போய்விடும்.

பணம் வாங்க யூபிஐ பின் எண் தேவையில்லை. ‘இந்தக் க்யூஆரை ஸ்கேன் செய்து பின் போடுங்கள், பணம் வந்துவிடும்’ என்பவர் உங்கள் கணக்கிலிருந்து எடுக்கப் பார்க்கிறார். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-ஐ அழையுங்கள்.

பார்சல் கட்டுமுன் டிராக்கைத் தளர்த்துங்கள், கைப்பிடியைக் கழற்றித் தனியாகச் சுற்றுங்கள், கம்பில் பிடிக்கும் கிளாம்பையும் அதன் நட்டுகளையும் மறக்காமல் உள்ளே வையுங்கள்.