சி படிவத்தைக் கேட்டு வாங்குங்கள்

உண்ணிச்செடி மண்டிய காட்டில் புல்லும் இல்லை, கிழங்கும் இல்லை. அதை வெட்ட மலைவாழ் மக்களைத்தான் கூப்பிடுகிறார்கள். கூலி கொடுத்து, வேலை முடிந்ததும் அனுப்பிவிடுகிறார்கள். வழிவழியாகக் காத்துவந்த காட்டை மீட்டெடுத்து நிர்வகிக்கும் உரிமையை 2006 வன உரிமைச் சட்டம் அந்த ஊருக்கே கொடுத்திருக்கிறது. அதை யாரும் வாய்திறந்து சொல்வதில்லை.

இந்த உரிமையைக் கேட்டு மனுக் கொடுக்கப் போனால், முதல் சிக்கல் படிவத்திலேயே வரும். ஏ படிவம் தனிநபர் நிலத்துக்கு. பி படிவம் தேன், கடுக்காய், மேய்ச்சல் போன்றவற்றுக்கு. காட்டை மீட்டு நிர்வகிக்க சி படிவம்தான். அலுவலகத்தில் பி படிவத்தை நீட்டி, "எல்லாம் இதிலேயே வந்துடும்" என்பார்கள். வராது. மூன்று வருஷம் அலைந்த ஓர் ஊருக்குக் கடைசியில் தேன் எடுக்கும் உரிமை மட்டும் கிடைத்ததை நான் பார்த்திருக்கிறேன். வனத்துறை அமைக்கும் கிராம வனக்குழுவும் இதற்கு ஈடாகாது.

அடுத்தது, மனுவின் மீது முடிவெடுக்கும் கிராம சபை. உறுப்பினர்களில் பாதிப்பேராவது வர வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். கையெழுத்து குறைந்தால் அதையே காரணமாக்கித் திருப்பிவிடுவார்கள். ஊராட்சி முழுவதற்கும் ஒரே சபை கூட்டினால் உங்கள் குரல் அமுங்கிப்போகும். குடியிருப்பு அளவில் கூட்டலாம் என்று மத்திய பழங்குடியினர் நல அமைச்சகத்தின் 12.7.2012 வழிகாட்டுதல் சொல்கிறது. அதன் நகலைக் கையில் வைத்திருங்கள்.

"75 வருஷமாக இங்கே வாழ்வதற்குச் சான்று கொண்டுவா" என்பார்கள். அந்த நிபந்தனை பழங்குடியினருக்குக் கிடையாது, மற்ற வனவாசிகளுக்குத்தான். ஊர்ப் பெரியவர்களின் எழுத்து வாக்குமூலமும் சான்றுதான். செயற்கைக்கோள் படம் இல்லை என்று மட்டும் சொல்லித் தள்ளக் கூடாது. "புலிகள் காப்பகத்தில் முடியாது" என்றால், கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கன் மலையில் சோலிகர் பழங்குடியினருக்கு 2011-இல் இந்த உரிமையைக் கொடுத்ததைச் சொல்லுங்கள். அதுவும் புலிகள் காப்பகம்தான்.

நீங்கள் கேட்கும் காட்டின் எல்லையை நேரில் சரிபார்க்கும் நாளில்தான் ஊர்கள் அதிகம் ஏமாறுகின்றன. வனத்துறைக்கும் வருவாய்த்துறைக்கும் எழுத்தில் தகவல் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். அன்று வராமல் இருந்துவிட்டு, பிறகு "எங்களைக் கூப்பிடவில்லை" என்று ஆட்சேபிப்பார்கள். மனு மறுபடி சபைக்கு வரும். மீண்டும் தகவல் கொடுங்கள். இரண்டாம் முறையும் வரவில்லை என்றால் கள ஆய்வில் சபையின் முடிவே இறுதியானது. முத்திரை இல்லாவிட்டால் இதை நிரூபிக்க வழியில்லை.

வாய்மொழியாக "தள்ளுபடி" என்றால் அந்த இடத்தைவிட்டு நகராதீர்கள். காரணத்தை எழுதித் தர வேண்டியது அவர்கள் கடமை. சபை அனுப்பும் மனுவைப் பரிசீலிக்கும் உட்கோட்டக் குழு அதைத் தள்ளினால் 60 நாளுக்குள் அதற்கு மேலுள்ள மாவட்டக் குழுவிடம் மனுக் கொடுக்க வேண்டும்.