பேடில் போர்டு வாங்கும் முன் விளிம்பைப் பாருங்கள்

கோவளம் கடற்கரையிலும் முட்டுக்காடு உப்பங்கழியிலும் நின்றபடி துடுப்புப் போடப் பழகியவர்களுக்குச் சொந்தமாக ஒரு பேடில் போர்டு வாங்கும் ஆசை வருவது இயல்பு. அடுக்குமாடி வீட்டில் 10 அடிப் பலகையை எங்கே வைப்பது? அதனால் காற்றை இறக்கிச் சுருட்டி, கார் டிக்கியில் போட்டுக்கொள்ளும் வகையைத்தான் பலரும் தேடுகிறார்கள். கடையில் கேட்பது நீளம், நிறம், கூடவே துடுப்பும் பம்ப்பும் உண்டா என்பதைத்தான். ஆனால் பழுதுக்கு வரும் போர்டுகளில் நிறத்தால் கெட்டது என்று எதுவும் இருப்பதில்லை. விளிம்பு ஒட்டு விட்டிருக்கும், நடுவில் மடிந்திருக்கும், அல்லது மேல்புறம் முட்டைபோல் வீங்கியிருக்கும். மூன்றுக்கும் வேர் கட்டுமானத்தில் இருக்கிறது.

காற்றை அடைத்தால் எந்தப் பையும் உருண்டு திரளத்தான் பார்க்கும். பேடில் போர்டு தட்டையாக நிற்பதற்குக் காரணம் உள்ளே இருக்கும் டிராப் ஸ்டிச் துணி. மேல் துணி, கீழ் துணி இரண்டையும் பாலியெஸ்டரில் ஒன்றாக நெய்து, நடுவே ஒரே நீளமுள்ள ஆயிரக்கணக்கான நூல்களால் இணைத்திருப்பார்கள். வெல்வெட் நெய்யும் முறைக்கு இது நெருங்கிய சொந்தம்; வெல்வெட்டில் நடு நூலை அறுத்து இரண்டு துணியாகப் பிரிப்பார்கள், இங்கே அறுக்காமல் விட்டு வெளிப்பக்கம் பிவிசி பூசுகிறார்கள். 1956இல் குட்இயர் நிறுவனம் இதே நுட்பத்தில் காற்றடைத்துப் பறக்கும் சிறு விமானமே செய்து காட்டியது.

அந்த நூல்களின் பாடு என்ன தெரியுமா? 10 அடி 6 அங்குல நீளம், 32 அங்குல அகலமுள்ள போர்டின் மேற்பரப்பு ஏறக்குறைய 2 சதுர மீட்டர். 15 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு) அழுத்தத்தில் மேல் தோலையும் கீழ் தோலையும் பிரிக்கப் பார்க்கும் விசை 20 டன்னைத் தாண்டும். ஓரிடத்தில் நூல்கள் அறுந்தால் பக்கத்து நூல்களுக்குச் சுமை ஏறும், அவையும் அறும், அந்த இடம் புடைக்கும். அப்படிப் புடைத்த போர்டைச் சரிசெய்ய வழி கிடையாது.

அடுத்தது தோல். ஒற்றை அடுக்கு என்றால் டிராப் ஸ்டிச் துணிமேல் ஒரே ஒரு பிவிசி பூச்சு. எடை 7, 8 கிலோதான், விலையும் குறைவு. ஆனால் 75 கிலோ ஆள் நடுவில் நின்றால் முனைகள் இரண்டும் மேலே எழும்பும். மேல் தோல் அமுங்கிச் சுருக்கம் விழும். போர்டு வாழைப்பழம்போல் வளைந்து, தண்ணீரைக் கிழிக்காமல் தள்ளிக்கொண்டு போகும். இரட்டை அடுக்கில் இரண்டாவது பிவிசி தோலைக் கையால் பசை தடவி ஒட்டுகிறார்கள். விறைப்பாக இருக்கும், உராய்வையும் தாங்கும், ஆனால் எடை 11 முதல் 13 கிலோ வரை போகும். பசை சீராகப் பரவாத இடத்தில் பின்னாளில் கொப்புளம் கிளம்பும். ஃபியூஷன் என்ற பெயரில் விற்பவற்றில் இரண்டாவது அடுக்கை ஆலையிலேயே இயந்திரம் சூட்டில் அழுத்தி இணைத்துவிடுகிறது. நடுவில் பசை இல்லாததால் இரண்டு கிலோ வரை குறையும், கொப்புளத்துக்கும் இடமில்லை. கையிருப்பு இடம் கொடுத்தால் இதை வாங்குங்கள். வாரம் ஒருமுறை உப்பங்கழியில் ஒரு மணி நேரம் மிதக்கும் 55 கிலோ ஆளுக்கு நல்ல ஒற்றை அடுக்கே போதும், கடைக்காரர் என்ன சொன்னாலும்.

'ராணுவத் தர பிவிசி' என்று பெட்டியில் எழுதியிருந்தால் அதற்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்க வேண்டாம். விற்பவர் எதன்மேலும் ஒட்டிக்கொள்ளக்கூடிய வார்த்தை அது.

தடிமனில் 4.75 அங்குலம், 6 அங்குலம் என இரண்டு உண்டு. விறைப்பு தடிமனின் வர்க்கத்தை ஒட்டி ஏறுவதால், அந்த ஒன்றேகால் அங்குலம் ஏறக்குறைய 1.6 மடங்கு விறைப்பைத் தருகிறது. 70 கிலோவுக்கு மேற்பட்டவர்கள் 6 அங்குலமே எடுக்கலாம். இதற்கும் ஒரு விலை உண்டு: தடித்த போர்டு தண்ணீருக்கு மேலே உயர்ந்து நிற்கும், காற்று அதைப் பாய்மரம்போல் பிடித்துத் தள்ளும். தென்மேற்குப் பருவத்தில் சென்னைக் கரையில் காலையில் அடிக்கும் மேலைக்காற்று கடலை நோக்கித்தான் தள்ளும். காலையும் போர்டையும் இணைக்கும் லீஷ் கயிறும் உயிர்காப்பு அங்கியும் இல்லாமல் அந்த மாதங்களில் கடலில் இறங்கக் கூடாது.

இனி விளிம்பு. நம் ஊர் வெயிலில் ஒரு போர்டின் ஆயுளை முடிவு செய்வது பெரும்பாலும் இதுதான்.

மேல் துணியும் கீழ் துணியும் போர்டின் வடிவத்துக்கு வெட்டப்பட்டபின், சுற்றுப்புறம் முழுவதும் திறந்து கிடக்கும். அதைப் பிவிசி பட்டையால் மூடி, ஒட்டு வரிமேல் மறுபடியும் பட்டை போடுகிறார்கள். 6 அங்குலப் போர்டில் 15 பிஎஸ்ஐ இருக்கும்போது, விளிம்பின் ஒவ்வொரு சென்டிமீட்டர் நீளமும் ஏறத்தாழ 8 கிலோ இழுவையைத் தாங்குகிறது, போர்டு சும்மா கிடக்கும்போதும்கூட. பசையால் ஒட்டியதென்றால் இந்த இழுவையோடு சூடும் சேரும்போது பசை இளகி, பட்டை ஒரு நூலளவு நகரும். மறுநாள் இன்னொரு நூல். ஒருநாள் மதியம் சீறல் சத்தம் கேட்கும். சூட்டில் உருக்கி இணைத்த விளிம்பில் பிவிசியும் பிவிசியும் ஒன்றாகிவிடுவதால் இந்த நகர்வு இல்லை.

எது எது என்று கண்ணாலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். பசை போட்டதில் பட்டையின் ஓரத்தில் பளபளப்பான அல்லது மஞ்சளித்த கசிவுக்கோடு தெரியும். உருக்கி இணைத்ததில் ஓரம் ஒரே அகலத்தில், அழுத்திய தடத்தோடு சுத்தமாக இருக்கும். பட்டை ஓரத்தை நகத்தால் மெல்ல நெம்பிப் பாருங்கள். புதுப் போர்டிலேயே நகம் உள்ளே போனால் திருப்பிக் கொடுத்துவிடலாம். மூக்கும் வாலும் வளையும் இடங்களை விடாமல் பாருங்கள். பட்டையில் சுருக்கம் விழுவதும் காற்று கசியத் தொடங்குவதும் அங்கேதான்.

சூட்டுக் கணக்கையும் சொல்லிவிடலாம். 30 டிகிரியில் 15 பிஎஸ்ஐ அடைத்த போர்டு மணலில் கிடந்து 60 டிகிரிக்குச் சூடேறினால், உள்ளே அழுத்தம் 18 பிஎஸ்ஐ ஆகிவிடும். பசையின் பிடி தளரும் அதே நேரத்தில் இழுவை ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது. கரையேறியதும் நிழலுக்குக் கொண்டுபோங்கள். நிழல் இல்லையென்றால் 3, 4 பிஎஸ்ஐ இறக்கிவிடுங்கள். பூட்டிய கார் டிக்கியில் நாள்கணக்கில் சுருட்டி வைப்பதும் பசைக்கு ஆகாது. மாறாக, வெயிலில் அடைத்துவிட்டுத் தண்ணீரில் போட்டால் அழுத்தம் ஒன்றிரண்டு பிஎஸ்ஐ இறங்கும். அதை ஓட்டை என்று நினைத்துப் பலர் பதறுகிறார்கள்.

மற்றவற்றை வேகமாகப் பார்த்துவிடலாம். ஃபின், அதாவது போர்டு நேராகப் போக அடியில் நிற்கும் செதில், கழற்றி மாட்டும் வகையாக இருக்கட்டும். நிரந்தரமாக ஒட்டிய பிளாஸ்டிக் ஃபின் சுருட்டும்போது கோணிக்கொள்ளும், பின் போர்டு ஒரு பக்கமாகவே இழுக்கும். வால்வை இறுக்கும் சாவி பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். பிச்சாவரம் போன்ற இடங்களுக்குப் போகிறவர்களுக்கு அலையாத்தி வேர்களில் ஒட்டியிருக்கும் சிப்பிகள் பெரிய எதிரி, அதனால் ஒற்றை அடுக்கு வேண்டாம்.

முடிந்தால் கடையிலேயே காற்றடைக்கச் சொல்லுங்கள். கைப்பம்ப்பின் அளவுமானி தொடக்கத்தில் அசையாது. பழுதென்று நினைக்க வேண்டாம், 5, 6 பிஎஸ்ஐ தாண்டினால்தான் முள் நகரும். 15 வந்ததும் இரண்டு முனைகளையும் ஸ்டூல்மேல் வைத்து, நடுவில் ஒருவரை மெல்ல உட்காரச் சொல்லி, எத்தனை சென்டிமீட்டர் தொய்கிறது என்று அளவுநாடாவால் பாருங்கள். அதே ஆள், அதே அழுத்தம், அதே இடைவெளி வைத்து இரண்டு போர்டுகளை ஒப்பிட்டால், விளம்பரத் தாளில் கிடைக்காத பதில் கிடைக்கும்.

வீட்டுக்கு வந்ததும் மாலையில் நிழலில் 15 பிஎஸ்ஐ அடைத்து, மறுநாள் அதே நேரம் அளந்து பாருங்கள். ஒரு பிஎஸ்ஐ குறைந்திருந்தால் கவலையில்லை. பம்ப் குழாயை மாட்டும்போதே கொஞ்சம் காற்று போகும். அதற்கு மேல் குறைந்தால் சோப்புத் தண்ணீரை வால்வைச் சுற்றியும் விளிம்பு முழுவதும் தடவுங்கள். வால்வில் குமிழி வந்தால் காற்றை இறக்கிவிட்டுச் சாவியால் கால் திருப்பு இறுக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். விளிம்பில் வந்தால் நீங்களே பேட்ச் போடாதீர்கள், உத்தரவாதம் போய்விடும். குமிழி தெரியும்படி வீடியோ எடுத்துக்கொண்டு, பில்லோடு அன்றே கடைக்குப் போங்கள்.