ஹீட்டர் காயிலைக் கழற்றிவிட்டால் எஞ்சினுக்கு என்ன ஆகும்?

குன்னூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவரிடம் இருப்பது 20 வருஷத்துக்கு மேல் ஓடிய பெட்ரோல் கார். ஒரு மாதமாக வண்டிக்குள் வெல்லப்பாகு காய்ச்சுவது போல ஒரு வாசம். முன்சீட்டில் இடப்பக்கம் கால் வைக்கிற இடத்தில் மேட் ஈரமாகவே இருக்கிறது. கண்ணாடியின் உட்பக்கம் பிசுபிசுவென்று ஒரு படலம், துணியால் துடைத்தால் இழுபடுகிறது. மெக்கானிக் பார்த்துவிட்டு, “ஹீட்டர் காயில் ஒழுகுதும்மா. மாத்தணும்னா டேஷ்போர்டையே இறக்கணும், ரெண்டு நாள் வேலை. இப்போதைக்கு பைபாஸ் பண்ணித் தர்றேன்” என்று சொல்லி, காயிலுக்கு, அதாவது வண்டிக்குள் சூடான காற்று தரும் குட்டி ரேடியேட்டருக்குப் போகும் ஹோஸையும் அதிலிருந்து வரும் ஹோஸையும் ஒன்றோடு ஒன்று இணைத்துவிட்டாராம். “இப்படியே ஓட்டினால் எஞ்சின் கெட்டுப்போகாதா?” என்று கேட்கிறார் வாசகி.

அந்த மெக்கானிக் செய்த விதத்தில் செய்திருந்தால் கெட்டுப்போகாது. இரண்டு ஹோஸையும் இணைக்காமல் தனித்தனியாக அடைத்துவிட்டிருந்தால், எனக்குக் கவலை வந்திருக்கும்.

முதலில் ஒரு சின்னச் சோதனை. கால்பக்கம் ஈரம் என்றாலே ஹீட்டர் காயில்தான் என்று முடிவுகட்ட வேண்டாம். ஏசியின் தண்ணீர் வடியும் குழாய் அடைத்துக்கொண்டாலும் அதே இடம்தான் நனையும். வெள்ளை டிஷ்யூ காகிதத்தை ஈரத்தில் ஒற்றிப் பாருங்கள். நிறமில்லாத வெறும் தண்ணீர் என்றால் ஏசி. பச்சையோ சிவப்போ ஏறி, விரலில் வழுவழுவென்று ஒட்டினால் கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்க அதற்குள் சுற்றும் திரவம். நாக்கில் வைத்துப் பார்க்கிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், ஆனால் கடும் விஷம். அதைக் கல்லீரல் ஆக்சாலிக் அமிலமாக மாற்றுகிறது. அந்த அமிலம் ரத்தத்திலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து சிறுநீரகத்தில் படிகமாக உறைகிறது. தெருநாய் இனிப்புக்கு ஆசைப்பட்டு நக்கிச் சாவது இதனால்தான். தரையில் சிந்தியதை உடனே கழுவிவிடுங்கள்.

இனி வெப்பத்துக்கு வருவோம். பெட்ரோல் எரிந்து கிடைக்கும் ஆற்றலில் அதிகம் போனால் மூன்றில் ஒரு பங்குதான் எஞ்சினின் சுழற்சியாக மாறுகிறது. இன்னொரு பங்கு சைலன்சர் வழியாகப் போய்விடும். மீதியில் பெரும்பகுதியைக் கூலன்ட் சுமந்துபோய் ரேடியேட்டரில் காற்றுக்குக் கொடுக்கிறது. அந்தச் சூடான கூலன்டில் கொஞ்சத்தை டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டருக்குத் திருப்பிவிட்டால் அதுதான் ஹீட்டர். “நான் ஹீட்டரைப் போட்டதே இல்லையே, எப்படி ஒழுகும்?” என்று பலர் கேட்பார்கள். பல கார்களில் ஹீட்டர் போட்டாலும் போடாவிட்டாலும் கூலன்ட் அதற்குள் ஓடிக்கொண்டேதான் இருக்கும். நாம் திருகும் குமிழ் காற்றைத் திருப்பும் ஒரு தடுப்பை மட்டுமே அசைக்கிறது.

காயில் ஓட்டையாவது பெரும்பாலும் அரிப்பால். பல பழைய எஞ்சின்களில் உடல்பகுதியான பிளாக் வார்ப்பிரும்பு, அதன் மேல் மூடியான ஹெட் அலுமினியம், பழைய காயில்கள் செம்பும் ஈயப்பற்றும். இத்தனை உலோகங்களும் ஒரே தண்ணீரில் நனைந்தால் அது கிட்டத்தட்ட ஒரு பேட்டரி. கூலன்டில் கலந்திருக்கும் அரிப்புத் தடுப்பான்கள்தான் இந்த உலோகங்களைக் காக்கின்றன. அவை சில வருஷங்களில் தீர்ந்துபோகும். தீர்ந்த பிறகு போர்வெல் தண்ணீரை ஊற்றினால், அதிலுள்ள குளோரைடு மெல்லிய குழாய்ச் சுவரை ஊசிமுனை அளவுக்குத் துளைத்துவிடும். இந்த அறிவியலுக்கென்றே நம்மிடம் ஒரு பெரிய நிறுவனம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1953இல் காரைக்குடியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். ராக்கெட் பறந்தால் நாடே கைதட்டுகிறது, தட்டட்டும். பாலத்தையும் குழாயையும் காரையும் தின்கிற துருவை ஆராய்பவர்களுக்கும் அதே தாராளத்தோடு பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து.

அவசரத்துக்கு நெடுஞ்சாலையில் ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போடுவார்கள். இதை மூடநம்பிக்கை என்று நான் ஒதுக்கமாட்டேன். வெந்நீரில் மாவுச்சத்து ஊதிக் குழைந்து சின்ன ஓட்டையை நிஜமாகவே அடைக்கும். ஆனால் ஓட்டை எது, குழாய் எது என்று மஞ்சளுக்குத் தெரியாது. காயிலின் மெல்லிய குழாய்களிலும் அது போய் அப்பிக்கொள்ளும்.

இப்போது அடைப்பதா, இணைப்பதா என்ற கேள்வி. இதற்குப் பதில் தெர்மோஸ்டாட் என்ற சின்ன வால்வுக்குள் இருக்கிறது. காரில் எனக்கு மிகவும் பிடித்த உறுப்பு இதுதான்.

எஞ்சின் சூடாகும்வரை இந்த வால்வு ரேடியேட்டர் பாதையை மூடி வைக்கும். சுமார் 82 டிகிரியில் திறக்கத் தொடங்கி 95 டிகிரி வாக்கில் முழுக்கத் திறக்கும். இதற்கு மின்சாரம் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. ஒரு பித்தளைக் குப்பியும் அதற்குள் கொஞ்சம் மெழுகும் போதும். 1930களில் அமெரிக்காவில் செர்ஜியஸ் வெர்னெட் கொண்டுவந்த யோசனை இது. மெழுகுவர்த்தியை உருக்கி ஒரு டம்ளரில் ஊற்றி ஆறவிட்டுப் பாருங்கள், நடுவில் குழி விழுந்திருக்கும். தண்ணீர் உறைந்தால் பருக்கும், மெழுகு உறைந்தால் சுருங்கும். திருப்பிச் சொன்னால், உருகும்போது மெழுகு பருக்கிறது. அதுவும் கொஞ்சநஞ்சமல்ல, கன அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல். குப்பிக்குள் பருக்க இடமில்லாததால் அது ஒரு ரப்பர் உறையை நெரிக்கிறது. உறைக்குள் இருக்கும் கூர்முனைக் கம்பி, ஈரச் சோப்பை அழுத்தினால் கையிலிருந்து வழுக்கிப் போவதுபோல வெளியே தள்ளப்படுகிறது. கம்பியின் மறுமுனை சட்டத்தில் ஊன்றியிருப்பதால் அது நகர முடியாது, குப்பிதான் ஸ்பிரிங்கை அழுத்திக்கொண்டு கீழே இறங்கி வழிவிடுகிறது. எந்த வெப்பத்தில் திறக்க வேண்டுமோ அந்த வெப்பத்தில் உருகும் மெழுகைத் தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்தது. மெழுகு சீக்கிரம் சூடேறட்டும் என்று அதில் செம்புப் பொடியும் கலப்பார்கள்.

என் சமையலறையில் ஒரு பழைய அலுமினியச் சட்டியில் இதைப் போட்டுப் பார்த்திருக்கிறேன். (அந்தச் சட்டியில் பிறகு சமைக்கவில்லை.) சட்டியின் அடியில் கடுகளவு குமிழிகள் எழும்வரை ஒன்றும் நடக்காது. பிறகு வால்வு வட்டத்தின் ஓரத்தில் மயிரிழை போல ஒரு கறுப்புக் கீற்று தெரியும். கண்ணெடுக்காமல் பார்த்தால் கீற்று பிளவாகி, பிளவு விரல் நுழையும் வாயாகத் திறப்பது தெரியும். அடுப்பை அணைத்தால் அதே நிதானத்தில் மூடிக்கொள்ளும்.

இந்த மெழுகு தன்னைத் தொடும் தண்ணீரின் சூட்டை மட்டுமே அறியும். வால்வு மூடியிருக்கும்போதும் கூலன்டைத் தள்ளும் பம்ப் சுற்றிக்கொண்டே இருக்கிறது. தண்ணீர் எங்காவது சுழன்றாக வேண்டும். பல பழைய எஞ்சின்களில் அந்தச் சுழற்சியின் முக்கியப் பாதையே ஹீட்டர் ஹோஸ்தான். ஹெட்டைச் சுற்றிச் சூடான தண்ணீர் தெர்மோஸ்டாட்டைத் தொட்டுவிட்டு அந்த வழியாகப் பம்புக்குத் திரும்பும். அதை அடைத்தால் ஹெட்டுக்குள் தண்ணீர் தேங்கிவிடும். புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வு பக்கம் கொதிக்கும்போதும் மெழுகைத் தொடும் தண்ணீர் மந்தமாகவே இருக்கும். சேதி தாமதமாக வந்து தெர்மோஸ்டாட் திறக்கும்போது, ரேடியேட்டரின் குளிர்ந்த தண்ணீர் திடீரென்று உள்ளே பாயும். மெழுகு சுருங்கி மறுபடி மூடும். இந்தச் சூடும் குளிரும் மாறி மாறித் தாக்கினால் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட் எத்தனை நாள் தாங்கும்? பம்பை ஒட்டித் தனி பைபாஸ் துளை உள்ள எஞ்சின்களில் அடைத்தாலும் பாதகமில்லை. உங்கள் எஞ்சின் எந்த வகை என்று உறுதியாகத் தெரியாதவரை இணைப்பதே பத்திரம்.

இணைப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. காயிலின் குறுகிய குழாய்கள் தண்ணீரின் ஓட்டத்தைக் கொஞ்சம் தடுத்துக்கொண்டிருந்தன. அவை இல்லாவிட்டால், ரேடியேட்டருக்குப் போகாமல் திரும்பும் தண்ணீர் சற்றுக் கூடும். ஹீட்டர் ஹோஸ் ரேடியேட்டர் ஹோஸில் பாதி விட்டமே இருக்கும், அதாவது கால் பங்கு பரப்பு. அதனால் பெரும்பாலும் பிரச்சினை வராது. கம்பெனியே அந்தப் பாதையில் ஒரு குறுகல் துளை வைத்திருந்தால் மட்டும் அதைக் கழற்றி எறிந்துவிடக் கூடாது.

இணைப்புக்கு லேத் பட்டறையில் ஒரு பித்தளைத் துண்டு கடைந்து வாங்கலாம். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் பிளாஸ்டிக் குழாய் ஆகவே ஆகாது, 90 டிகிரியில் இளகிக் கழன்றுவிடும். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும். ரேடியேட்டர் மூடி நம் வீட்டுக் குக்கரின் வெயிட் செய்யும் வேலையைத்தான் செய்கிறது, அழுத்தமும் ஏறக்குறைய அதேதான். குன்னூர் 1850 மீட்டர் உயரத்தில் இருப்பதால் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். அந்த மூடியின் ரப்பர் நைந்துபோய், உள்ளே இருப்பதும் பெரும்பாலும் வெறும் தண்ணீர் என்றால், தெர்மோஸ்டாட் முழுக்கத் திறப்பதற்குள் அது கொதிக்கத் தொடங்கலாம். வேலை முடிந்ததும் உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றவும் வேண்டும். மெழுகுக் குப்பியைச் சுற்றிக் காற்று நின்றால் அதற்குச் சூடு போய்ச் சேராது.

“நம்ம ஊர் வெயிலுக்கு இதெல்லாம் எதுக்கு” என்று சொல்லித் தெர்மோஸ்டாட்டையே பிடுங்கிப்போடும் வழக்கம் நம் பட்டறைகளில் ஊறிப்போயிருக்கிறது. நான் முதலில் வாங்கிய பழைய காரிலும் அப்படித்தான் செய்திருந்தார்கள். சூடு காட்டும் முள் நடுவுக்கே வராது, மைலேஜும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. எஞ்சின் குளிர்ந்தே ஓடினால் பெட்ரோல் அதிகம் குடிக்கும், எரியாத பெட்ரோல் ஆயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்யும், சிலிண்டர் தேயும். எலுமிச்சம்பழம் கட்டினால் யாருக்கும் நஷ்டமில்லை, இந்த நம்பிக்கையால் எஞ்சினே போகிறது.

குன்னூர் வாசகிக்கு இன்னும் இரண்டு வார்த்தை. ஹீட்டர் இல்லாதவரை பனிமூட்டத்தில் கண்ணாடி வியர்த்தால் ஏசியைப் போடுங்கள். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடும், ஆனால் சூடான காற்று போல வேகமாகத் தெளியாது. மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் ஏறும்போது எஞ்சின் சூடேறினால் ஹீட்டரை முழுக்கத் திறந்து சமாளிக்கும் பழைய டிரைவர்களின் உத்தியும் இப்போது உங்களுக்கு இல்லை. முள் நடுக்கோட்டைத் தாண்டினால் ஓரமாக நிறுத்திவிடுங்கள். குளிர்காலத்துக்குள் புதுக் காயில் போட்டுவிடுங்கள். அன்று கூலன்டை எப்படியும் இறக்குவார்கள். அப்போது தெர்மோஸ்டாட்டையும் கழற்றித் தரச் சொல்லி, வேண்டாத சட்டி ஒன்றில் தண்ணீர் வைத்து அடுப்பில் ஏற்றிப் பாருங்கள்.