பெட்டியைப் பிரித்ததும் சுடாதீர்கள்

வேட்டைப் பருவம் தொடங்க மூன்று வாரம் இருந்தபோது ஒருவர் புத்தம் புதிய ரைஃபிளுடன் பட்டறைக்கு வந்தார். மகனுக்கென்று வாங்கியது. குறி பார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பைப் பொருத்தித் தரும்படி கேட்டார். வேறு குறை எதுவும் அவர் சொல்லவில்லை.

எந்தத் துப்பாக்கி மேசைக்கு வந்தாலும் நான் முதலில் செய்வது ஒன்றுதான். மேகசினைக் கழற்றி, குழலின் பின்பக்கத்தை மூடும் போல்ட்டைத் திறந்து, தோட்டா உட்காரும் அறையைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டு, தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொள்வேன். போல்ட்டை மூடி, சேஃப்டி என்னும் பாதுகாப்புத் தடையைப் போட்டு, விசையை ஒருமுறை அழுத்தமாக இழுத்துவிட்டு விரலை எடுத்துவிடுவேன். பிறகு சேஃப்டியை விடுவிப்பேன். அப்போது எதுவும் நடக்கக் கூடாது.

அந்தத் துப்பாக்கி 'டிக்' என்றது. விசையின் மேல் விரலே இல்லை, ஆனால் தோட்டாவைக் குத்தி வெடிக்க வைக்கும் ஊசி பாய்ந்துவிட்டது.

எதிரே நின்றவருக்கு உடனே புரியவில்லை. "இதற்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டார். உங்கள் மகன் மானைப் பார்த்துவிட்டுச் சேஃப்டியை விடுவிக்கிறான், அந்த நொடியே குண்டு கிளம்பிவிடுகிறது, குழல் அப்போது எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் கிளம்பிவிடுகிறது என்றேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

விசைப்பெட்டியைக் கழற்றினேன். துருப் பிடிக்காமலிருக்கத் தொழிற்சாலையில் தடவிய எண்ணெய் வண்டிமை போல இறுகிக் கிடந்தது. அதை வழித்துப் பார்த்தபோது நகத்துணுக்கைவிடச் சிறிய இரும்புச் சுருள் ஒன்று வந்தது. எந்தப் பாகத்தையோ துளையிட்டபோது உதிர்ந்த சுருள் அது. இப்படிப்பட்ட விசைகளில் ஊசியைப் பாயாமல் தாங்கிப் பிடிக்கும் சிறு துண்டுக்குச் 'சியர்' என்று பெயர். சியரும் விசையும் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும் விளிம்பு ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான். சேஃப்டியைப் போட்டதும் சியர் சற்றே மேலே தூக்கப்படும். அந்த நேரத்தில் விசையை இழுத்தால், விட்டவுடன் அது வில்லின் பலத்தில் பழைய இடத்துக்குத் திரும்பி வர வேண்டும். இடையில் எண்ணெய்ப் பிசினோ இரும்புத் துகளோ இருந்தால் திரும்பாது. சேஃப்டியை எடுத்ததும் கீழே இறங்கும் சியருக்குத் தாங்குவதற்கு எதுவும் இருக்காது.

அதை உருவாக்கிய இயந்திரத்தின் மீது எனக்குப் புகார் இல்லை. பாகங்களை அளந்து பார்த்தேன், அளவு எல்லாம் கச்சிதம். பெட்டியை மூடுமுன் யாராவது ஒருவர் அதைத் துடைத்துவிட்டு, நான் செய்த அதே சோதனையைச் செய்திருந்தால் போதும். அதற்கு அரை நிமிடம்தான் ஆகும். தொழிற்சாலைகள் இன்று மிச்சப்படுத்துவது அந்த அரை நிமிடத்தைத்தான் என்பது இருபத்தாறு ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கும் என் கருத்து.

இது என் பட்டறைக்கு மட்டும் வந்த விதிவிலக்கு என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவின் ரெமிங்டன் நிறுவனம் 2014 ஏப்ரலில் தன் 700, செவன் ரகத் துப்பாக்கிகளைத் திரும்ப அழைத்தது. 2006 மே முதல் 2014 ஏப்ரல் வரை தயாரான, 'எக்ஸ்-மார்க் ப்ரோ' என்ற விசை பொருத்திய துப்பாக்கிகள் அவை. விரல் படாமலே வெடிக்கக்கூடும் என்பதுதான் குறை. காரணமாக நிறுவனம் சொன்னது, விசையைப் பொருத்தும்போது பயன்படுத்திய ஒட்டுப்பொருள் அளவுக்கு மீறிப் போய்விட்டது என்பதை. அவர்கள் சொன்னபடி பார்த்தால் வடிவமைப்பில் பிழையில்லை, எஃகிலும் பிழையில்லை. பொருத்தும் மேசையில் ஒரு சொட்டு கூடிவிட்டது. எட்டு ஆண்டுக்காலம் அந்த விசை கடைகளுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

தரம் குறைந்துவிட்டது என்று பேச்செடுத்தாலே பலர் பழைய காலத்துப் புகழ் பாடத் தொடங்கிவிடுகிறார்கள். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. கணினி ஓட்டும் கடைசல் இயந்திரங்கள் வந்தபின் குழல்களின் தரம் உயர்ந்தே இருக்கிறது. இன்றைய மலிவு ரைஃபிள் ஒன்று, முப்பது ஆண்டுக்கு முந்தைய விலையுயர்ந்த துப்பாக்கியை விடவும் நெருக்கமாகக் குறி சேர்ப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மலிவும் குற்றமன்று. சாவேஜ் நிறுவனம் 1958இல் கொண்டுவந்த 110 ரகத்தில் குழலை ஒரு நட்டால் இறுக்கும் முறை வந்தது. கேஜ் என்னும் அளவுகட்டையை அறையில் வைத்துக் குழலைத் திருகி, அளவு சரியானதும் நட்டை இறுக்கிவிடலாம். செலவும் குறைந்தது, அளவும் பிசகவில்லை. சிந்தித்துச் செய்த சிக்கனம் அப்படித்தான் இருக்கும்.

சிந்திக்காமல் செய்த சிக்கனத்துக்கும் சரித்திரம் உண்டு. 1936இல் வந்த வின்செஸ்டர் 70, வேட்டைக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு நம்பிய துப்பாக்கி. 1964இல் உற்பத்திச் செலவைக் குறைப்பதற்காக அதை மாற்றியமைத்தார்கள். தோட்டாவின் அடிவிளிம்பைத் தொடக்கத்திலேயே கவ்விக்கொண்டு, சுட்டபின் உறையை வெளியே இழுக்கும் பெரிய எக்ஸ்ட்ராக்டர் போய்விட்டது. கட்டையில் கையால் செதுக்கிய பிடிமான வரிகளுக்குப் பதில் அச்சால் அழுத்திய வரிகள் வந்தன. வாங்குவோர் வித்தியாசத்தை உடனே கண்டுகொண்டார்கள். '64க்கு முந்தையது' என்றால் கூடுதல் விலை என்னும் நிலை இன்றுவரை நீடிக்கிறது.

ஆனால் அன்றைய மாற்றம் வெளிப்படையாகத் தெரிந்தது. கட்டையைப் பார்த்தாலே சொல்லிவிடலாம். இன்று குறைந்திருப்பது மேலே தெரியாத இடங்களில். அவற்றில் என் கைக்கு அடிக்கடி வருபவற்றைச் சொல்கிறேன்.

அறையைக் குடையும் ரீமர் ஒரு வெட்டுக்கருவி. மழுங்க மழுங்கச் சாணை பிடிப்பார்கள், அப்போது அது கொஞ்சம் சிறுக்கும். மாற்ற வேண்டிய நேரத்தில் மாற்றாமல் இன்னும் ஐம்பது குழல், இன்னும் நூறு குழல் என்று ஓட்டினால் அறையின் சுவரில் வரிவரியாகக் கீறல் விழும். சுட்டபின் பித்தளை உறை விரிந்து அந்தக் கீறல்களில் போய்ப் பிடித்துக்கொள்ளும், போல்ட்டைத் தூக்க இரண்டு கை வேண்டியிருக்கும். 'தோட்டாதான் மட்டம்' என்று கடையில் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். சுட்ட உறையை வெளிச்சத்தில் உருட்டிப் பாருங்கள். அறையின் சுவர் அந்தப் பித்தளையில் அப்படியே அச்சாகியிருக்கும்.

அறையின் ஆழம் இன்னும் முக்கியம். .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கான கேஜ்களில் 'போக வேண்டியது', அதாவது வைத்தால் போல்ட் மூட வேண்டியது, 41.40 மில்லிமீட்டர்; 'போகக் கூடாதது', அதாவது வைத்தால் போல்ட் மூடக் கூடாதது, 41.50 மில்லிமீட்டர். இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, அவ்வளவுதான். அதை மீறினால் சுடும்போது உறை நீண்டு, அடிப்பகுதிக்குச் சற்று மேலே மெலிந்துபோகும். வெளியே அந்த இடத்தில் பளபளப்பாக ஒரு வளையம் தெரியும். மெல்லிய கம்பியின் நுனியை வளைத்து உறைக்குள் விட்டு அடியிலிருந்து மேல்நோக்கி இழுத்தால் பள்ளம் கம்பியில் தட்டும். அப்படித் தட்டினால் அந்தத் துப்பாக்கியை இனி ஒருமுறைகூடச் சுடக் கூடாது. உள்ளே எழும் அழுத்தம் ஏறத்தாழ 4,150 பார். கார் டயரில் இருக்கும் அழுத்தத்தைப்போல 1,500 மடங்குக்கும் மேல். உறை அறுந்தால் அவ்வளவு சூட்டுடன் வாயு பின்னால் வரும். சுடுபவரின் கன்னம் ஒரு சாண் தூரத்தில்தான் இருக்கிறது.

குழல் முனையில் இருக்கும் பிசிறு உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் மனத்தைச் சோர்வடையச் செய்துவிடும். குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் விளிம்பு அது. ஒரு பக்கம் பிசிறு நின்றால் வாயு ஒரு பக்கமாக முந்தி வெளியேறி, குண்டைக் கோணலாகத் தள்ளிவிடும். ஒருவர் இரண்டு பெட்டித் தோட்டாவைத் தீர்த்துவிட்டு, தன் கைதான் நடுங்குகிறது என்று முடிவுகட்டி, வேட்டையையே விட்டுவிடப் போவதாகச் சொன்னார். பஞ்சுக் குச்சியை எடுத்து முனையின் உள்விளிம்பில் மெதுவாகச் சுற்றினேன். ஒரே இடத்தில் இழை சிக்கி நின்றது. அவரையே சுற்றச் சொன்னேன், அவருக்கும் அதே இடத்தில் சிக்கியது. விளிம்பைப் புதிதாக வெட்டிக் கொடுத்தபின் அவர் குறி கூடிவிட்டது.

பிளாஸ்டிக் கட்டைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குழலுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு தாளை நுழைத்துப் பின்னுக்கு இழுங்கள். தடையில்லாமல் போனால் நல்லது. ஒரு பக்கம் மட்டும் உரசினால் குழல் சூடேற ஏறக் குறி நகரும். சில ரகங்களில் முன்முனையில் வேண்டுமென்றே தாங்கல் வைத்திருப்பார்கள், கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

'100 மீட்டரில் 2.9 சென்டிமீட்டருக்குள் குறி சேரும், உத்தரவாதம்' என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதை நம்பித்தான் பலர் வாங்குகிறார்கள். பெரும்பாலும் மூன்று குண்டுகளுக்கான பேச்சு அது. மூன்று குண்டு நெருங்கி விழுவதில் அதிர்ஷ்டத்துக்கும் பங்குண்டு. பத்துச் சுட்டுப் பார்த்தால் துப்பாக்கியின் உண்மைக் குணம் தெரியும். அதைவிட எனக்குக் கவலை தருவது வேறு. குறி கூடுவதைப் பற்றி உத்தரவாதம் தருகிறவர்கள், விசை தானாக விழாது என்று ஒரு வரி எழுதுவதில்லை.

அரசாங்கம் பார்த்துக்கொள்ளாதா என்று கேட்பார்கள். நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. ஐரோப்பாவில் பல நாடுகள் சேர்ந்த சி.ஐ.பி. என்ற நிரந்தர ஆணையம் 1914 முதல் இருக்கிறது. அதன் உறுப்பு நாடுகளில் ஒவ்வொரு துப்பாக்கியையும் அழுத்தம் கூடுதலான தோட்டாவால் சுட்டு முத்திரை குத்திய பிறகே விற்க முடியும். ரைஃபிள் என்றால் உச்ச அழுத்தத்தைவிட 25 சதவீதம் கூடுதல். நல்ல ஏற்பாடு. ஆனாலும் அந்த முத்திரை முதன்மையாகக் குழலும் போல்ட்டும் தாங்கும் என்பதற்கானது. நாளைக்கு விசைப்பெட்டிக்குள் இரும்புத் துகள் நகர்ந்து வராது என்பதற்கு அது சாட்சியாகாது. அமெரிக்காவில் அளவுகளை வகுப்பது 1926இல் தொடங்கிய தொழில்துறைச் சங்கம், அதன் விதிகளைப் பின்பற்றுவது நிறுவனங்களின் விருப்பம். நுகர்பொருள் பாதுகாப்புக்காக 1972இல் அங்கே இயற்றிய சட்டம் துப்பாக்கிகளைத் தன் வரம்பிலிருந்தே விலக்கிவிட்டது. பழுதான ரொட்டி சுடும் கருவியைத் திரும்பப் பெற வைக்க அந்தச் சட்டத்தால் அமைந்த ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு, பழுதான ரைஃபிளைத் திரும்பப் பெற வைக்க இல்லை. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கொதிக்கிறது.

ஆகவே கடைசிப் பரிசோதகர் வேலை வாங்குபவரின் தலையில் விழுந்திருக்கிறது. அது நியாயமில்லைதான். இருந்தாலும் செய்துதான் ஆக வேண்டும். காலித் துப்பாக்கியில், தோட்டாக்கள் வீட்டின் வேறோர் அறையில் இருக்கும்போது, நான் மேலே சொன்ன சேஃப்டிச் சோதனையைப் பத்து முறை செய்யுங்கள். போல்ட்டைச் சற்று வேகமாக மூடிப் பாருங்கள். ஊசி விழக் கூடாது. சேஃப்டி இல்லாத நிலையில் கட்டையின் அடியை ரப்பர் சுத்தியால் தட்டிப் பாருங்கள். அப்போதும் விழக் கூடாது. ஸ்கோப்பைத் தாங்கும் திருகுகளைச் சரிபாருங்கள். தளர்வு ஒரு பிரச்சினை என்றால், முன்பக்கத் திருகு நீளமாகிப் போய் உள்ளே போல்ட்டின் முனையில் புடைத்திருக்கும் காதில் முட்டுவது இன்னொரு பிரச்சினை. குழலை ஒருமுறை துடைத்து அந்தத் துணியை வெள்ளைத் தாளில் உதறுங்கள். மின்னும் துகள் எவ்வளவு விழுகிறது என்று பார்த்தால் அந்தத் தொழிற்சாலையின் கடைசி மேசை எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும்.

கெஞ்சிக் கேட்கிறேன், விசையை மட்டும் நீங்களே அரம் வைத்துத் தேய்க்காதீர்கள். காணொளி பார்த்துவிட்டு 'கொஞ்சம் இலேசாக்கிக்கொண்டேன்' என்று வருகிறவர்களின் துப்பாக்கிகள் எனக்கு ஆலைத் தவறுகளைவிட அச்சம் தருகின்றன. சியரின் மேல்தோல் மட்டுமே கடினமாக்கப்பட்டிருக்கலாம், அதைத் தேய்த்துவிட்டால் உள்ளே இருக்கும் மென்மையான இரும்பு சில நூறு சுற்றுகளில் உருண்டுவிடும். குறை கண்டால் படம் எடுத்து, வரிசை எண்ணும் தேதியும் குறித்து, தயாரித்தவர்களுக்கே எழுதுங்கள். உத்தரவாதம் உங்கள் உரிமை.

மகனுக்காக வாங்கியவரும் அதைத்தான் செய்தார். இரும்புச் சுருளை ஒரு சிறு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கடிதத்துடன் இணைத்துக் கொடுத்தேன். ஐந்து வாரம் கழித்து மாற்றுத் துப்பாக்கி வந்தது, காரணம் எதுவும் எழுதியிருக்கவில்லை. அந்தப் பருவத்தின் பாதி அவர்களுக்குப் போய்விட்டது. அவர் பெட்டியை வீட்டில் பிரிக்கவே இல்லை. மகனையும் அழைத்துக்கொண்டு நேரே பட்டறைக்கு வந்து மேசைமேல் வைத்தார்.

நான் தொடவில்லை. "தம்பி, நீயே பார்" என்றேன். பையன் போல்ட்டைத் திறந்து, அறையைப் பார்த்து, விரலை விட்டுத் தொட்டு, மூடி, சேஃப்டியைப் போட்டு, விசையை இழுத்துவிட்டு, விரலை எடுத்து, சேஃப்டியை விடுவித்தான். சத்தம் இல்லை. பத்து முறையும் இல்லை. பிறகு ஸ்கோப் தாங்கியின் திருகை விரலால் திருகிப் பார்த்தவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். அது கையோடு சுழன்று வந்தது.