புகையை மோந்து பார்க்கும் கம்ப்யூட்டர்

மார்கழிக் காலையில் பழைய அம்பாசடரைக் கிளப்பியவர்களுக்கு சோக் ஞாபகம் இருக்கும். அந்தக் குமிழை இழுத்தால் கார்புரேட்டருக்குள் காற்று குறையும், கலவையில் பெட்ரோல் கூடும், குளிர்ந்த இன்ஜின் பற்றிக்கொள்ளும். சூடானதும் குமிழைத் திரும்பத் தள்ள வேண்டும். மறந்தால் கரும்புகைதான்.

இப்போது அந்த வேலையைச் செய்வது ஈ.சி.யூ என்ற பெட்டி, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர். அதில் எனக்கு மிகவும் பிடித்தது, தான் போட்ட கணக்கையே அது நம்பிவிடாமல் சரிபார்த்துக்கொண்டே இருப்பது.

கணக்கு இதுதான். 1 கிராம் பெட்ரோல் முழுதாக எரிய சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். இன்ஜினுக்குள் எவ்வளவு காற்று போகிறது என்று ஒரு சென்சார் சொல்லும். அதற்கேற்ற பெட்ரோல் போகும்வரை, அதாவது சில மில்லிவிநாடிகள், பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரை ஈ.சி.யூ திறந்து வைக்கும்.

எந்த நொடியில் திறப்பது? பிஸ்டன்கள் சுற்றவைக்கும் தண்டுதான் கிராங்க் ஷாஃப்ட். அதோடு ஒரு பல்சக்கரம் சுற்றுகிறது. பல கார்களில் அந்தச் சக்கரத்தில் 60 பல்லுக்கு இடம் இருக்கும், ஆனால் 58 பல்தான் இருக்கும். அந்த இரண்டு பல் பொக்கை சென்சாரைக் கடக்கும்போது, பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் நடுவே மில்லிவிநாடியில் மூன்றில் ஒரு பங்குதான் அவகாசம். ஸ்பார்க் பிளக்குக்கும் இதே சக்கரம்தான் கடிகாரம். பொறி முந்திப்போய் இன்ஜின் தட்டினால், இன்ஜின் பிளாக்கில் இருக்கும் நாக் சென்சார் அந்த அதிர்வைப் பிடிக்கும். ஈ.சி.யூ உடனே பொறியைச் சற்றுத் தள்ளிப்போடும்.

சரி, போட்ட கணக்கு சரியா என்று எப்படித் தெரியும்? வெளியே வரும் புகையை மோந்து பார்த்துத்தான். அப்படி மோந்து பார்க்கும் ஆக்சிஜன் சென்சாரை ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் உருவாக்கியது. 1976-ல் வால்வோ காரில் வந்தது. கட்டைவிரல் அளவுள்ள இது, புகைக்குழாயில் திருகப்பட்டிருக்கும். உள்ளே சிர்கோனியா பீங்கான். அதன் ஒரு பக்கம் புகை, மறுபக்கம் வெளிக்காற்று. இரண்டிலும் இருக்கும் ஆக்சிஜன் அளவு வேறுபடுவதால் மின்னழுத்தம் பிறக்கிறது. பெட்ரோல் கூடினால் சுமார் 0.9 வோல்ட், காற்று கூடினால் சுமார் 0.1 வோல்ட். 0.1 வந்தால் ஈ.சி.யூ பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டும், 0.9 வந்தால் குறைக்கும். கார் சீராக ஓடும்வரை இந்த ஊஞ்சல் நிற்காது.

ஆனால் பீங்கான் சுமார் 300 டிகிரிக்கு மேல் சூடானால்தான் பேசும். அதற்காக உள்ளேயே ஒரு ஹீட்டர் வைத்திருக்கிறார்கள். அதுவரை ஈ.சி.யூ நினைவில் உள்ள அட்டவணையைப் பார்த்து, தண்ணீர்ச் சூட்டுக்கு ஏற்றபடி பெட்ரோலைக் கூட்டி ஊற்றுகிறது. பழைய சோக்கின் வேலை இதுதான்.

புகையில் உள்ள நச்சு வாயுக்களை மாற்றும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கும் இந்த ஊஞ்சல் ஆட்டம் அவசியம். கார்பன் மோனாக்சைடை எரிக்க ஆக்சிஜன் வேண்டும். நைட்ரஜன் ஆக்சைடிலிருந்தோ ஆக்சிஜனைப் பிடுங்க வேண்டும். இரண்டும் ஒருசேர நடப்பது 14.7-ஐ ஒட்டிய குறுகலான இடத்தில் மட்டும். காற்று கூடும்போது கன்வெர்ட்டரில் உள்ள சீரியம் ஆக்சைடு ஆக்சிஜனைச் சேர்த்து வைக்கும், குறையும்போது எடுத்துக் கொடுக்கும்.

திரும்பத் திரும்ப ஒரே பக்கம் திருத்த வேண்டிவந்தால், ஈ.சி.யூ அந்தத் திருத்தத்தை நினைவில் வைத்துக்கொள்ளும். எங்கள் காரில் மைலேஜ் திடீரென்று விழுந்தபோது மெக்கானிக் ஸ்கேனரை மாட்டினார். பெட்ரோலை 20 சதவீதம் கூட்டி ஊற்றுவதாகத் திரையில் காட்டியது. சென்சார் கெட்டுவிட்டது, மாற்றிவிடலாம் என்றுதான் நான் நினைத்தேன். அவர் காரின் அடியில் படுத்து, சென்சாருக்கு முன்னால் குழாயின் வெல்டிங்கில் தலைமுடி அளவு விரிசல் இருப்பதைக் காட்டினார். அதன் வழியே வெளிக்காற்று புகைக்குள் கலந்திருக்கிறது. சென்சார் உள்ளதைத்தான் சொன்னது. பாவம், ஈ.சி.யூ அதை நம்பி பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறது.

விரிசலை அடைத்துச் சில நாள் ஓட்டிய பிறகு மறுபடி ஸ்கேனரை மாட்டினோம். திருத்தம் 2 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. திரையில் சென்சாரின் வோல்ட்டைக் காட்டும் கோடு 0.1-க்கும் 0.9-க்கும் நடுவே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.