குழாய் பதித்தால் சதுப்பு நிலம் ஏன் வற்றுகிறது?

சதுப்பு நிலத்தின் மேல் அடுக்குமாடி வரப்போகிறது என்றால் அக்கம்பக்கமே திரண்டு எதிர்க்கும். அதன் ஊடே கழிவுநீர்க் குழாய் பதிக்கப் போகிறார்கள் என்றால் பெரிதாக யாரும் கண்டுகொள்வதில்லை. பள்ளம் தோண்டுவார்கள், குழாயை இறக்குவார்கள், மூடிவிட்டுப் போவார்கள், அடுத்த மழையில் புல் முளைத்துவிடும், அவ்வளவுதானே? என்னைக் கேட்டால், கட்டடத்தைவிட அந்தப் பள்ளத்தைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும்.

சில சதுப்பு நிலங்களில் அடியிலுள்ள களிமண் மழைநீரைக் கீழே இறங்கவிடாமல் பிடித்துவைக்கும். வேறு சிலவற்றில் நிலத்தடி நீரே மேலே கசிந்து நிற்கும். எப்படியானாலும் வருடத்தில் கணிசமான காலம் நீர்மட்டம் தரையை ஒட்டி இருந்தாக வேண்டும்.

இப்போது குழாய்க்கு வருவோம். அதை வெறும் களிமண்மேல் வைக்க மாட்டார்கள். பாரம் சமமாக இறங்குவதற்காகக் கீழேயும் பக்கவாட்டிலும் மணலோ ஜல்லியோ போடுவார்கள். பொறியியல்படி அது சரிதான். ஆனால் கெட்டிக் களிமண்ணில் ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்கூட நகராத தண்ணீர், ஜல்லிக்குள் தடையில்லாமல் ஓடும். போதாததற்கு, கழிவுநீர் தானாக ஓடவேண்டும் என்பதற்காகக் குழாயைச் சரிவாகவே பதிக்கிறார்கள். ஆக, அந்த ஜல்லிப் படுகை பானையின் அடியில் விழுந்த கீறல்போல ஆகிவிடுகிறது. குழாயில் ஒரு சொட்டு ஒழுகாவிட்டாலும் அதைச் சுற்றியுள்ள ஜல்லி வழியாக நீர் வடிந்துகொண்டே இருக்கும். இணைப்புகள் விட்டுப்போன பழைய குழாய் என்றால் நிலத்தடி நீர் அதற்குள்ளேயே புகுந்து, சுத்திகரிப்பு நிலையம் வரை போய்விடும்.

நீர் இறங்கியதும் மண்ணின் வேதியியலே மாறுகிறது. சதுப்பு மண்ணை ஒரு கைப்பிடி அள்ளிப் பாருங்கள். நிறம் சாம்பல். நடுநடுவே, வேர் போன தடத்தில் மட்டும், துருப்பிடித்த ஆரஞ்சுக் கோடுகள். சில இடங்களில் அழுகிய முட்டை நாற்றமும் வரும். தண்ணீரில் ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிடச் சுமார் 10,000 மடங்கு குறைவு. அதனால் மண்ணிலுள்ள நுண்ணுயிரிகள் ஆக்சிஜன் தீர்ந்ததும் அதற்குப் பதிலாக நைட்ரேட்டையும், அப்புறம் இரும்பையும் சல்ஃபேட்டையும் பயன்படுத்தத் தொடங்குகின்றன. நைட்ரேட் நைட்ரஜன் வாயுவாகிக் காற்றில் கலக்கிறது. வயல்களிலிருந்து வரும் உரக்கழிவு இப்படித்தான் குறைகிறது. இரும்பு நிறமிழந்து கரைய, மண் சாம்பலாகிறது. வேர்கள் கொஞ்சம் ஆக்சிஜனைக் கசியவிடும் இடத்தில் மட்டும் அது மீண்டும் துருவாகிறது. கோடையில் "இது வெறும் தரிசு" என்று யாராவது சொன்னால், அந்த மண்ணே மறுத்துப் பேசும்.

நீர் வடிந்த இடத்தில் காற்று நுழைகிறது. நூற்றாண்டுகளாகச் சேர்ந்த, பாதி மட்கிய இலைதழை மேலும் மட்கத் தொடங்கி, கார்பன் டை ஆக்சைடாக வெளியேறுகிறது. தரையும் தாழ்கிறது. இங்கிலாந்தின் ஹோம் ஃபென் சதுப்பை 1850களில் வடித்தபோது, தரைமட்டம் வரை ஓர் இரும்புக் கம்பத்தை இறக்கிவைத்தார்கள். இன்று அது சுமார் 4 மீட்டர் வெளியே நிற்கிறது!

சதுப்பை அப்படியே விட்டுவைப்பதால் வெள்ளமும் மட்டுப்படும். 1970களில் அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை, மாசசூசெட்ஸில் சார்லஸ் நதி வெள்ளத்தைக் குறைக்க மேற்பகுதியில் அணை கட்டுவதைத் தேர்ந்தெடுக்கவில்லை. அங்கே சுமார் 8,000 ஏக்கர் ஈரநிலத்தைக் காப்பாற்றும் திட்டத்தையே எடுத்துக்கொண்டது.

குழாயைச் சுற்றுப்பாதையில் கொண்டுபோவதுதான் உத்தமம். முடியாதென்றால் நிலத்துக்கு அடியில் கிடைமட்டமாகத் துளையிட்டு, இந்தப் பக்கம் நுழைத்து அந்தப் பக்கம் இழுக்கலாம். அதிலும், துளையிடப் பயன்படும் பென்டோனைட் என்ற களிமண் சேறு விரிசல் வழியே மேலே பீறிடும் ஆபத்து உண்டு. தோண்டித்தான் ஆகவேண்டும் என்றால், பள்ளத்துக்குக் குறுக்கே இடைவெளி விட்டுக் களிமண் தடுப்புகள் வைக்கச் சொல்ல வேண்டும். ஜல்லி வழியே ஓடும் நீர் அங்கங்கே நின்றுவிடும். விதைகள் உறங்கும் மேல்மண்ணைத் தனியாகக் குவித்து, கடைசியில் மேலேயே போட வேண்டும். கனரக வண்டிகள் மண்ணை இறுக்காமலிருக்க மரப்பலகைப் பாதை வேண்டும்.

இவற்றை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவதோடு, துளையிட்ட பிளாஸ்டிக் குழாய்கள் சிலவற்றைச் சதுப்பில் நட்டு, அதற்குள் நிற்கும் நீரின் மட்டத்தை வாராவாரம் குறித்துவையுங்கள். தோண்டுவதற்கு முன்பே, முடிந்தால் ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் அளந்திருக்க வேண்டும். அந்தக் கணக்கு இல்லாவிட்டால், பின்னால் நீர் இறங்கும்போது "இந்த வருடம் மழை குறைவு" என்று சொல்லித் தப்பித்துவிடுவார்கள்.