பிரசவ அறையில் கண்மதிப்பு போதாது

பிரசவம் முடிந்ததும் கேஸ் ஷீட்டில் ரத்தப்போக்குக்கு நேராக என்ன எழுதுகிறோம்? 'சுமார் 200 மி.லி.' அல்லது 'நார்மல்'. தர ஆய்வுக்குப் போனால் சுவர், டைல்ஸ், போஸ்டர் எல்லாம் அப்புறம்தான். நான் முதலில் புரட்டுவது இந்த வரியைத்தான். பத்துப் பேருக்கும் ஒரே எண் என்றால் அங்கே யாரும் அளக்கவில்லை.

500 மி.லி.க்கு மேல் போனாலே அது மிகை ரத்தப்போக்கு. ஆனால் ரத்தம் கூடக் கூடக் கண் குறைத்தே மதிப்பிடும். பாதி துணியில் ஊறிவிடும், பாதி இடுப்புக்கு அடியில் தேங்கும், பனிக்குட நீரும் கலந்திருக்கும். அனுபவசாலிகளும் இதில் ஏமாறுகிறார்கள். நாடித்துடிப்பு எகிறி, பிரஷர் இறங்கிய பிறகுதான் ஓடுகிறோம்.

அளப்பது பெரிய வித்தை இல்லை. அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பை இடுப்புக்கு அடியில் வைத்தால் ரத்தம் அதன் பையில் சேரும். அது இல்லையா, பேடை எடை போடுங்கள். காய்ந்த பேடின் எடையைக் கழித்தால் 1 கிராமுக்கு ஏறக்குறைய 1 மி.லி.

கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியாவில் 80 மருத்துவமனைகளில் நடந்த இ-மோட்டிவ் ஆய்வு 2023-இல் வெளிவந்தது. அந்த விரிப்பால் அளந்து, மிகை என்று தெரிந்ததுமே கருப்பை மசாஜ், கருப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்ஸிடோசின், ரத்தம் உறைய உதவும் டிரானெக்சாமிக் ஆசிட், சலைன், பிறப்புப் பாதையில் கிழிசல் பரிசோதனை என எல்லாவற்றையும் ஒருசேரத் தொடங்கினார்கள். கடும் ரத்தப்போக்கு, அதற்கான வயிற்று அறுவை சிகிச்சை, ரத்தப்போக்கால் மரணம் ஆகியவை சேர்ந்து 60 சதவீதம் குறைந்தன. வழக்கமான முறையில், மிகை ரத்தப்போக்கு வந்தவர்களில் பாதிப் பேருக்குத்தான் அது கண்டுபிடிக்கப்பட்டது. அளந்த இடங்களில் 93 சதவீதம். மருந்துகள் எல்லாம் நம் டிரேயில் இருப்பவைதான். (ஆக்ஸிடோசின் மட்டும் ஃபிரிட்ஜில், 2 முதல் 8 டிகிரியில். ஜன்னலோரத் தட்டில் கிடந்த ஆம்பூலை நம்பாதீர்கள்.)

சரி, இரவு டூட்டியில் ஒரே சிஸ்டர், இரண்டு பிரசவம் என்றால்? முதல் இரண்டு மணி நேரம், 15 நிமிடத்துக்கு ஒருமுறை வயிற்றைத் தொட்டு கருப்பை கெட்டியாக இருக்கிறதா என்று பார்ப்பது சிஸ்டரின் வேலை. அதை வேறு யாரிடமும் தள்ள முடியாது. ஆனால் துணைக்கு இருக்கும் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லி வைக்கலாம்: "பேரப்பிள்ளையை அப்புறம் கொஞ்சலாம்மா, முதல்ல பொண்ணைப் பாருங்க. பேட் சீக்கிரம் நனைஞ்சாலோ, தலை சுத்துது, படபடப்பா இருக்குன்னு சொன்னாலோ உடனே சத்தம் போட்டுக் கூப்பிடுங்க."